எதிர்த்து நின்றவர்கள்... எதிரே அமர்ந்து பேசியவர்கள்! நாங்குநேரி மண் சொல்லும் கதை

திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் போகும் நான்குவழிச் சாலையில் வண்டியை விட்டால், முக்கால் மணி நேரத்துக்குள் நாங்குநேரி வந்துவிடும். வைணவர்களுக்கு இது வானமாமலை. 108 திவ்ய தேசங்களில் ஒன்று. பெருமாளுக்கு தினமும் எண்ணெய்க் காப்பு நடக்கும். அந்த எண்ணெய் போய்ச் சேரும் கிணறு ஒன்று கோயிலுக்குள்ளேயே இருக்கிறது. தீராத வியாதிக்கு மருந்து என்று பக்தர்கள் அதைக் கொஞ்சம் வாங்கிப் போவார்கள். சுற்று வட்டாரத்தில் வானமாமலை என்று பெயர் வைத்த பிள்ளைகளும் நிறைய.

2023 ஆகஸ்ட் 9 இரவுக்குப் பிறகு, இந்த ஊரின் பெயரைக் கேட்டாலே தமிழ்நாட்டுக்கு வேறொன்றும் நினைவுக்கு வருகிறது.

பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த பட்டியல் சாதி மாணவர் ஒருவர், உடன் படித்த சிலரின் தொல்லை தாங்காமல் பள்ளிக்குப் போவதை நிறுத்தியிருந்தார். ஏன் வரவில்லை என்று பள்ளியிலிருந்து விசாரித்தபோது, நடந்ததைச் சொன்னார். அன்று இரவே வீடு புகுந்து அவரை அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க ஓடிவந்த தங்கைக்கும் வெட்டு. பிடிபட்டவர்கள் ரௌடிகள் இல்லை. பள்ளிச் சீருடை போடுகிற வயதுப் பையன்கள். அந்தப் பதற்றத்தில் உறவினர் ஒருவரின் உயிரும் போனது.

இதுபோன்ற சம்பவம் நடந்த எந்த ஊரிலும் மறுநாள் காலையில் இரண்டு குரல்கள் கேட்கும். ‘சட்டப்படி தண்டிக்கணும், ஒரு பேச்சும் வேண்டாம்’ என்பது ஒன்று. ‘நாளைக்கும் ஒரே ஊர்லதான இருக்கணும், உக்காந்து பேசி சமாதானமாப் போங்க’ என்பது இன்னொன்று. இரண்டாவது குரல் பெரும்பாலும் யாரிடம் சொல்லப்படுகிறது என்று கவனித்தால் ஒன்று புரியும். அடித்தவரிடம் அல்ல, அடிபட்டவரிடம்தான் அது போய் நிற்கும். புகாரை வாங்கிக்கொள், வழக்கை வாபஸ் வாங்கு, ஊர் அமைதியைக் கெடுக்காதே என்று. பெயர்தான் சமாதானம். உண்மையில் அது நோவுபட்டவனிடமே அபராதம் வசூலிப்பது.

அப்படியென்றால் பேசவே கூடாதா? உரிமைக்காகச் சண்டை போடுகிறவர், எதிர்ப்பக்கத்தோடு உறவு வைத்துக்கொள்ளவே முடியாதா? இந்தக் கேள்விக்கு விடை தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. நாங்குநேரி வயல்களிலேயே ஒரு பழைய கதை இருக்கிறது.

மடத்து நிலமும் மீசை இழந்த இளைஞரும்

தாமிரபரணிக் கரையில், ஸ்ரீவைகுண்டத்தில் 1924 டிசம்பர் 26 அன்று பிறந்தவர் இரா. நல்லகண்ணு. இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி தன் பிறந்த நாளாகக் கொண்டாடுவதும் டிசம்பர் 26-தான். ஆண்டு மட்டும் 1925. தேசிய இயக்கத்தின் சூட்டில் வளர்ந்த பையன், படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு விவசாயிகளைத் திரட்டப் போனார். அவர் வேலை செய்த இடங்களில் முக்கியமானது நாங்குநேரி.

அந்தக் காலத்தில் இங்கே நிலம் என்றால் ஜீயர் மடம். உழுகிறவருக்கு நிலத்தில் உரிமை கிடையாது. விளைந்ததில் பெரும்பங்கை களத்திலேயே அளந்து கொடுத்துவிட்டு, மிச்சத்தை வைத்து வருடத்தை ஓட்ட வேண்டும். மடத்தின் நிர்வாகத்தை எதிர்த்துக் குத்தகை விவசாயிகளைச் சங்கமாகச் சேர்த்தவர்களில் நல்லகண்ணுவும் ஒருவர். பெருமாளைக் கும்பிட்டுக்கொண்டே, பெருமாள் பெயரில் இருக்கும் நிலத்தில் நியாயமான பங்கு கேட்ட கூட்டம் அது. சாமிக்கு எதிரான சண்டை அல்ல, அளவைக்கு எதிரான சண்டை என்பதை அவர்களுக்குப் புரிய வைத்ததுதான் அந்தச் சங்கத்தின் பெரிய வேலையாக இருந்திருக்க வேண்டும். இல்லையென்றால் கோயில் ஊரில் ஒரு கம்யூனிஸ்ட்டின் பின்னால் யார் வந்திருப்பார்கள்?

1948-ல் கட்சி தடை செய்யப்பட்டது. தலைமறைவாக இருந்த நல்லகண்ணு 1949 டிசம்பரில் பிடிபட்டார். காவலில் அவருடைய மீசையை சிகரெட் நெருப்பால் பொசுக்கினார்கள். அதன்பிறகு அவர் மீசையே வைத்துக்கொள்ளவில்லை என்பது தமிழ்நாடு முழுக்கத் தெரிந்த கதை. நெல்லை சதி வழக்கில் ஆயுள் தண்டனை. வெளியே வந்தது 1956-ல். இருபத்தைந்து வயதில் உள்ளே போனவர், முப்பதைத் தாண்டித்தான் வெளிக்காற்றைச் சுவாசித்தார்.

இப்படிப்பட்ட ஏழு வருடம் ஒரு மனிதரைக் கசப்பாக்கிவிடுவது இயல்பு. மீசையைப் பொசுக்கிய கையை மறப்பது லேசா என்ன? ஆனால் பிறகு வந்த அறுபது, எழுபது ஆண்டுகளில் நல்லகண்ணுவைப் பார்த்தவர்களுக்குத் தெரிந்தது மெல்லிய குரலும், ஒரு கதர்த் துண்டும், எந்தக் கட்சிக்காரரையும் மரியாதை குறையாமல் பேசும் வழக்கமும்தான். கோரிக்கையில் ஒரு அங்குலம் இறங்கியதாகவும் யாரும் சொல்ல முடியாது. விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் கால் நூற்றாண்டு, கட்சியின் மாநிலச் செயலாளராக 1992 முதல் 13 ஆண்டுகள் என்று கடைசிவரை போராட்டக்காரர்தான்.

வீட்டுக்குள் வந்த அரிவாள்

அந்த 13 ஆண்டுகள்தான் தென்மாவட்டங்கள் பற்றி எரிந்த ஆண்டுகளும். 1995-ல் கொடியங்குளம். 1997-ல் சுதந்திரப் போராட்ட வீரர் சுந்தரலிங்கத்தின் பெயரைப் போக்குவரத்துக் கழகம் ஒன்றுக்கு வைத்ததை ஏற்காமல் வெடித்த கலவரம். கடைசியில் அரசு, மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் இருந்த தலைவர்களின் பெயர்கள் அத்தனையையும் எடுத்துவிட்டது. நெல்லை கட்டபொம்மன் மாவட்டம் திரும்பவும் திருநெல்வேலி மாவட்டமானது அப்படித்தான். 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக நடந்த பேரணியில் போலீஸ் தடியடி. ஆற்றுக்குள் விரட்டப்பட்டவர்களில் ஒன்றரை வயதுக் குழந்தை உட்பட 17 பேர் தாமிரபரணியில் மூழ்கிச் செத்தார்கள்.

அந்தப் பத்தாண்டின் சாதி வன்முறையில் கொல்லப்பட்டவர்களில் நல்லகண்ணுவின் மாமனாரும் ஒருவர்.

மேடையில் சமத்துவம் பேசுவது ஒன்று. சொந்த வீட்டில் பிணம் விழுந்த பிறகு பேசுவது வேறு. கட்சிக்கு மாநிலத் தலைமை அவர் கையில். ‘எங்க ஆளை வெட்டிட்டாங்க’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அதைப் பிடித்துக்கொண்டு நாலு ஊர் எரிந்திருக்கும். அவர் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. இரண்டு தரப்புக் கிராமங்களிலும் அமைதி திரும்ப வேண்டும் என்ற வேலையில்தான் நின்றார். கொன்றவர்களைச் சட்டம் தண்டிக்கட்டும், கொன்றவர்களின் சாதியை ஊர் தண்டிக்கக் கூடாது என்ற நிலை அது. சொல்வதற்கு ஒரு வரி. துக்க வீட்டில் உட்கார்ந்துகொண்டு அதைக் கடைப்பிடிக்க எவ்வளவு பலம் வேண்டும் என்பது துக்கம் பார்த்த குடும்பங்களுக்குத்தான் தெரியும்.

இதையும் மேலே சொன்ன ‘சமாதானமாப் போங்க’ என்ற குரலையும் ஒன்றாக நினைத்துவிடக் கூடாது. அங்கே விட்டுக்கொடுக்கச் சொல்வது அடுத்தவர், வலி இவருடையது. இங்கே வலியும் இவருடையது, பழி வேண்டாம் என்ற முடிவும் இவருடையது.

ஆற்றுக்கு சாதியும் இல்லை, கட்சியும் இல்லை

பேச்சுவார்த்தை மேஜையைவிட, பொதுவான ஒரு வேலைதான் ஆட்களைச் சேர்க்கிறது என்பதற்கு தாமிரபரணி மணல் வழக்கு நல்ல உதாரணம். பொதிகையில் பிறந்து, புன்னைக்காயல் அருகே கடலில் சேரும் இந்த ஆறு, தமிழ்நாட்டுக்குள்ளேயே தொடங்கி தமிழ்நாட்டுக்குள்ளேயே முடிகிறது. கேரளத்தையோ கர்நாடகத்தையோ குறை சொல்ல வழியில்லை. கெட்டுப்போனால் காரணம் நாம்தான்.

ஆற்று மணலை இஷ்டத்துக்கு அள்ளியதை எதிர்த்து, 85 வயதில் நல்லகண்ணு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் பொதுநல வழக்குப் போட்டார். 2010-ல் தாமிரபரணியில் மணல் அள்ள 5 ஆண்டுகளுக்கு நீதிமன்றம் தடை விதித்தது. மேட்டுத் தெருவிலிருந்து பள்ளத் தெரு வரை குடிப்பது இந்தத் தண்ணீரைத்தான். வயல் காய்ந்தால் சாதி பார்த்துக் காயாது. வழக்குப் போட்டது கம்யூனிஸ்ட் என்பதால் ‘இந்தத் தடை எங்களுக்கு வேண்டாம்’ என்று எந்த விவசாயி சொல்லப்போகிறார்? (மணல் அள்ளுவதிலும் கட்சி வேற்றுமை கிடையாது என்பதையும் சொல்லிவிடுவதுதான் நியாயம். அந்த ஒற்றுமை எந்த மாநாடும் கூட்டாமலே வந்தது.)

பாலம் கட்டுகிற ஆளுக்கு ஓட்டு விழுமா? அந்தக் கணக்கு வேறு. 1999 மக்களவைத் தேர்தலில் நல்லகண்ணு கோவையில் நின்றார். குண்டுவெடிப்பு நடந்து ஒன்றரை வருடம்தான் ஆகியிருந்தது. மதத்தின் பெயரால் ஊர் இரண்டாகப் பிளந்து கிடந்த நேரம். பா.ஜ.க.வின் சி.பி. ராதாகிருஷ்ணன் ஜெயித்தார். பின்னாளில் குடியரசுத் துணைத் தலைவரானாரே, அவர்தான்.

தேர்தலில் தோற்றவருக்கு ஊரில் இடம் எங்கே என்பது 2019-ல் தெரிந்தது. சென்னை சி.ஐ.டி. நகர் அரசுக் குடியிருப்பை இடித்துக் கட்டப்போவதாகச் சொல்லி, வாடகைக்கு இருந்த நல்லகண்ணுவைக் காலி செய்யச் சொன்னார்கள். செய்தி வெளியானதும் கட்சி பார்க்காமல் எல்லாப் பக்கமிருந்தும் கண்டனம் கிளம்பியது. அப்போது ஆட்சியில் இருந்த அ.தி.மு.க. அரசு, மாற்று வீடு தருவதாக உடனே அறிவித்தது. மூன்று வருடம் கழித்து, 2022 சுதந்திர தினத்தன்று தி.மு.க. அரசு ‘தகைசால் தமிழர்’ விருதும் 10 லட்சம் ரூபாயும் கொடுத்தது. வாங்கிய கையோடு, தன் பணம் 5,000 ரூபாயையும் சேர்த்து, 10 லட்சத்து 5 ஆயிரமாக முதலமைச்சர் நிவாரண நிதிக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார். 80-வது பிறந்த நாளுக்குக் கட்சி திரட்டித் தந்த ஒரு கோடி ரூபாயையும் கட்சிக்கே கொடுத்தவர்தானே!

தனக்கென்று எதையும் வைத்துக்கொள்ளாதவர் கேட்கும்போது, ‘இவருக்கு இதில் என்ன லாபம்?’ என்று எதிராளி யோசிக்க வேண்டியதில்லை. அவரை எதிர்த்த கட்சிக்காரர்களும் எதிரே உட்கார வைத்தது இந்த நம்பிக்கைதான். ஆனால், இதில் ஒரு ஆபத்தும் உண்டு. எல்லோருக்கும் நல்லவராகிவிட்டவருக்கு மாலை போடுவது சுலபம். அவர் கேட்டதைச் செய்வதுதான் கஷ்டம். அவருக்குப் பொன்னாடை போர்த்திய எத்தனை பேர் உழுகிறவர் பிரச்னைக்கும் ஆற்று மணலுக்கும் சட்டமன்றத்தில் வாய் திறந்தார்கள் என்று கேட்டால், கூட்டம் கொஞ்சம் கலையும்.

வானமாமலை என்ற வாத்தியார்

நாங்குநேரிக்கு இன்னொரு மகன் உண்டு. அவர் பெயரே வானமாமலை. 1917-ல் இதே ஊரில் வைணவக் குடும்பத்தில் பிறந்தவர் பேராசிரியர் நா. வானமாமலை. கோயிலையும் மடத்தையும் பார்த்து வளர்ந்தவர், பள்ளி ஆசிரியராகி, கம்யூனிஸ்ட்டாகி, நெல்லை சதி வழக்கில் தானும் சிக்கி, பிறகு பாளையங்கோட்டையில் தனிப்பயிற்சிக் கல்லூரி நடத்திப் பிழைத்தார். தமிழ் நாட்டார் வழக்காற்றியல் என்று இன்று பல்கலைக்கழகங்களில் படிக்கிறார்களே, அதற்கு அடித்தளம் போட்டவர்களில் முதன்மையானவர்.

சண்டையையும் உறவையும் அவர் சேர்த்துப் பிடித்த விதம் வேறு மாதிரி. வயற்காட்டிலும் கொடை விழாவிலும் பாடப்பட்ட கதைப்பாடல்களைத் திரட்டிப் பதிப்பித்தார். அவற்றில் ஒன்று முத்துப்பட்டன் கதை. முத்துப்பட்டன் பிராமண இளைஞன். பொம்மக்கா, திம்மக்கா என்ற சக்கிலியர் குலத்து சகோதரிகளைக் காதலிக்கிறான். பெண்களின் அப்பா வாலப்பகடை சம்மதிக்க வேண்டுமே? பூணூலை அறுத்து, குடுமியைக் கத்தரித்து, தோலைத் தைத்துச் செருப்புச் செய்யக் கற்றுக்கொண்டு வந்து பெண் கேட்கிறான். கல்யாணம் நடக்கிறது. பிறகு மாட்டு மந்தையைக் கொள்ளையடிக்க வந்தவர்களோடு போராடி உயிரை விடுகிறான். மனைவிமார் இருவரும் உடன்கட்டை ஏறுகிறார்கள்.

இதை மேடையில் ஒரு பகுத்தறிவுப் பேச்சாளர் சொன்னால், பாதி ஊர் எழுந்து போய்விடும். ஆனால் இதே கதை பாபநாசம் மலைக்கு மேலே சொரிமுத்து அய்யனார் கோயிலில் சாமியாக நிற்கிறது. பட்டவராயன் என்று பெயர். ஆடி அமாவாசைக்கு ஜனம் ஜனமாக மலையேறிப் போய், பட்டவராயனுக்குத் தோல் செருப்பைக் காணிக்கையாகக் கட்டுகிறார்கள். ராத்திரியில் சாமி அதைப் போட்டுக்கொண்டு காட்டைச் சுற்றுவதால், செருப்பு தேய்ந்துபோகும் என்பது நம்பிக்கை. வேண்டுதலுக்குச் செருப்பு வாங்கிப் போகிற குடும்பங்களில் எல்லா சாதியும் உண்டு. சாதி மாறிக் கல்யாணம் செய்தவனின் சன்னிதியில் நிற்கிறோம் என்பது அவர்களில் எத்தனை பேருக்கு உறைக்கிறதோ!

நா.வா. இதைத்தான் எடுத்துக் காட்டினார். உன் நம்பிக்கை தப்பு என்று தொடங்கவில்லை. உன் சாமி என்ன செய்தார் என்று பார் என்றார். 1967-ல் அவர் தொடங்கிய நெல்லை ஆய்வுக் குழுவில் கட்டுரை வாசிப்பார்கள், கேள்வி கேட்பார்கள், சண்டை போடுவார்கள். பொன்னீலனும் ஆ. சிவசுப்பிரமணியனும் அவர் வழியில் வந்தவர்கள்தான். ‘ஆராய்ச்சி’ என்ற இதழைக் கைக்காசு போட்டு நடத்தினார். 1980-ல் மறையும்வரை அவர் கட்சியும் மாறவில்லை, கருத்தும் மாறவில்லை.

மடத்திலிருந்து வந்த கை

மடத்தை எதிர்த்தவரைப் பார்த்தாயிற்று. மடத்துக்குள்ளிருந்தே கை நீட்டியவரையும் சொல்லாமல் விட்டால் கதை ஒரு பக்கமாகிவிடும். குன்றக்குடி அடிகளார் சைவ ஆதீனத்தின் தலைவர். நாத்திகப் பிரசாரத்துக்குப் பதில் சொல்ல 1950-களில் அருள்நெறித் திருக்கூட்டம் கண்டவர். அதே அடிகளாரும் பெரியாரும் பின்னாளில் நண்பர்களாகி, ஒரே மேடையில் பேசினார்கள். பெரியார் கடவுளை ஏற்கவில்லை. அடிகளார் கடவுளை விடவில்லை. தீண்டாமை ஒழிய வேண்டும் என்பதில் மட்டும் இருவரும் ஒரே பக்கம். அது போதுமானதாக இருந்தது.

நாங்குநேரியிலிருந்து தெற்கே போனால் குமரி மாவட்டம். 1982-ல் மண்டைக்காட்டில் இந்து, கிறிஸ்தவ மோதல் வெடித்து, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போனபோது, காவி உடையோடு அங்கே போய் இரு தரப்பு மக்களையும் சந்தித்தார் அடிகளார். கடலோர மீனவக் குப்பங்களுக்கும் போனார். அவரை ‘நம்ம ஆள்’ என்று இந்துக்கள் நினைத்தார்கள். ‘இவர் நியாயம் பேசுவார்’ என்று கிறிஸ்தவர்கள் நினைத்தார்கள். ஆறு மாதத்தில் சம்பாதிக்கிற பெயர் இல்லை அது. முப்பது வருடம் பேசியதும் நடந்ததும் அன்றைக்குக் கைகொடுத்தது. தீப்பிடித்த பிறகு கிணறு வெட்ட முடியாது என்பார்களே, அதேதான்.

கயிறும் பொட்டும் ஒரு அறிக்கையும்

இப்போது திரும்பவும் பள்ளிக்கூடத்துக்கு வரலாம். தென்மாவட்டப் பள்ளிகளில் ஒரு மாணவன் மணிக்கட்டில் கட்டியிருக்கும் கயிற்றின் நிறத்தைப் பார்த்தே அவன் என்ன சாதி என்று சொல்லிவிடலாம் என்பது பழைய புகார். 2019 ஆகஸ்டில் பள்ளிக் கல்வித்துறை இதைத் தடுக்கச் சுற்றறிக்கை விட்டது. இந்து அடையாளங்கள் மீது கை வைக்கிறார்கள் என்று பா.ஜ.க. தரப்பில் எதிர்ப்பு. தனக்குத் தெரியாமல் வெளியான சுற்றறிக்கை என்று அப்போதைய அமைச்சர் கூறிவிட, பழைய நிலையே தொடர்ந்தது. நான்கு வருடம் கழித்து நாங்குநேரி.

சம்பவத்துக்குப் பிறகு, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு ஒரு நபர் குழு அமைத்தது. மாணவர் சங்கப் போராட்டக்காரராகத் தொடங்கி, வழக்கறிஞராகி, உயர் நீதிமன்ற நீதிபதியாக ஓய்வு பெற்றவர் சந்துரு. ‘ஜெய் பீம்’ படம் பார்த்தவர்களுக்கு அறிமுகம் தேவையில்லை. 600-க்கும் மேற்பட்ட பக்கங்கள் கொண்ட அறிக்கையை 2024 ஜூன் 18 அன்று முதல்வரிடம் கொடுத்தார். பள்ளிப் பெயர்களில் சாதி கூடாது. கயிறு, மோதிரம், நெற்றிப் பொட்டு போன்ற அடையாளங்கள் கூடாது. ஆசிரியர்களைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை இடம் மாற்ற வேண்டும். ஒரு பகுதியில் பெரும்பான்மையாக உள்ள சாதியைச் சேர்ந்தவரை அங்கேயே கல்வி அலுவலராகப் போடக் கூடாது. பெரிய பள்ளிகளுக்கு நல அலுவலர் வேண்டும் என்று பரிந்துரைகள் நீள்கின்றன.

அறிக்கை வந்த வேகத்திலேயே கட்சி மோதலுக்குள் போய்விட்டது. சென்னை மாநகராட்சிக் கூட்டத்தில் பா.ஜ.க. கவுன்சிலர் ஒருவர் அறிக்கையின் நகலைக் கிழித்தார். சாதிக்கு எதிரான கயிறுத் தடை மதத்துக்கு எதிரானதாகிவிடுமோ என்ற பயம், கட்சி சாராத பக்திமான்களுக்கும் இருந்தது. சபரிமலைக்கு மாலை போட்ட பையனின் கையிலும் ஒரு கயிறு இருக்கும், அம்மா கோயிலில் மந்திரித்துக் கட்டிய கயிறும் இருக்கும். ‘இந்தக் கயிறு வேறு, அந்தக் கயிறு வேறு’ என்று அந்த அம்மாவிடம் யாராவது திண்ணையில் உட்கார்ந்து சொன்னார்களா? அறிக்கையை ஆதரித்தவர்கள் மேடை போட்டுப் பாராட்டினார்கள். எதிர்த்தவர்கள் தொலைக்காட்சியில் கொதித்தார்கள். நடுவில் இருந்த பெற்றோரிடம் பேச ஆள் இல்லை. நா.வா. இருந்திருந்தால் பட்டவராயன் கதையிலிருந்து தொடங்கியிருப்பார்.

பள்ளியிலிருந்தே பாலம் கட்டிய ஊர்கள் உலகத்தில் உண்டு. வட அயர்லாந்தில் கத்தோலிக்கர்களும் புராட்டஸ்டன்ட்டுகளும் ஒருவரையொருவர் கொன்றுகொண்டிருந்த 1981-ல், பெல்ஃபாஸ்ட் நகரில் இரண்டு தரப்புப் பெற்றோர்களும் சேர்ந்து லாகன் கல்லூரி என்ற பள்ளியைத் தொடங்கினார்கள். முதல் நாள் வந்த பிள்ளைகள் 28 பேர். அரசியல் உடன்பாடு வர 1998 ஆகிவிட்டது. பெரியவர்கள் கையெழுத்துப் போடும்வரை அந்தப் பிள்ளைகள் காத்திருக்கவில்லை. 17 வருடம் முன்பாகவே ஒரே வகுப்பில் உட்கார்ந்துவிட்டார்கள்.

நாங்குநேரி மாணவர் பல மாதம் சிகிச்சையில் இருந்தார். வெட்டுப்பட்ட கையால் எழுத முடியாமல், சொல்வதை இன்னொருவர் எழுத பிளஸ் டூ தேர்வை முடித்தார். 2024 மே மாதம் முடிவு வந்தபோது 600-க்கு 469 மதிப்பெண்.

சந்துரு அறிக்கையில் பெரிதாகச் சண்டை கிளம்பாத சிறிய பரிந்துரை ஒன்றும் இருக்கிறது. வகுப்பில் யார் எங்கே உட்காருவது என்பதை மாணவர்கள் தாங்களே முடிவு செய்துகொள்ளக் கூடாது. பெயரின் அகர வரிசைப்படி ஆசிரியர் உட்கார வைக்க வேண்டும். செலவே இல்லாத காரியம். ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் வருகைப் பதிவேட்டைத் திறந்து பெயரைப் படித்தால் போதும். ‘வ’ வரிசையில் இரண்டு வானமாமலைகள் இருந்தால், அவர்கள் எந்தத் தெருவிலிருந்து வந்தவர்களாக இருந்தாலும், வருடம் முழுக்க ஒரே பெஞ்சு.